மலைநடுவே உட்கார்ந்த தப்பால்காரன்

நந்தகுமார் என்னிடம் மூன்று வருடம் வேலை பழகியவன். இப்போது ஹட்டனில் சொந்தமாகக் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். போன மாதம் ஒரு நாள் காலை தொலைபேசியில் வந்து, நலம் விசாரிக்கக்கூட நேரமில்லாமல் கேட்டான்.

“அண்ணே, வீடியோ கேம் எல்லாம் கலையா இல்லையா? கடையில ஒரே சண்டை. ஒரு வாத்தியாரு வந்து, அது வெறும் பொழுதுபோக்கு, அதப் போயி கலைங்கிறீங்களேன்னு சிரிச்சிட்டுப் போறாரு. இங்க உள்ளவங்க விடமாட்டேங்குறாங்க. நீங்கதானே அந்தக் காலத்துல அந்த மிசினெல்லாம் பிரிச்சு மேஞ்ச ஆளு. நீங்க சொல்லுங்க.”

“போன்ல சொல்ற விசயமில்ல, எழுதி அனுப்புறேன்” என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் ஆழம் தெரியாமல் காலை விட்டது புரிந்தது. முப்பத்தெட்டு வருடம் வானொலி, தொலைக்காட்சி, ஒலிபெருக்கி என்று கையில் கிடைத்ததையெல்லாம் திருத்தியவன் நான். கலை பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஆனால் ஒரே ஒரு கேமை எனக்கு உள்ளும் புறமும் தெரியும். அதைப் பற்றிச் சொல்வதென்றால் நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தையும் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன். இனி என்னை யார் வேலையைவிட்டு நிறுத்தப் போகிறார்கள்?

நான் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்தெடுத்தார், அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். பள்ளிக்கூடம் முடிந்ததும் கண்டியில் ஒரு வருடம் வானொலி திருத்தப் படித்தேன். அங்கே கற்றது கொஞ்சம், கெடுத்த வானொலிகள்தான் அதிகம். எழுபதுகளின் கடைசியில் நுவரெலியாவில் ஜினதாச பாஸிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கைத்தொழில் தெரிந்தவர்களைச் சிங்களத்தில் பாஸ் என்றுதான் அழைப்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய பட்டறை இருந்தது.

பாஸ் மெலிந்த மனிதர். கம்பளித் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது, முதலில் அது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பழுதான பெட்டி எது வந்தாலும் அரை மணி நேரம் யாரும் அதைத் தொடக்கூடாது. மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். சாமான் கொண்டுவந்தவர்கள் பொறுமையிழந்து, “என்ன பாஸ், பெட்டிக்குக் கும்பிடு போடுறீங்களா?” என்று கேட்பார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அரை மணி கழிந்ததும் என்னிடம் கேட்பார்.

“அருள், என்ன பாத்த?”

“பவர் சப்ளை போயிருச்சு பாஸ்.”

“அது நீ நெனச்சது. பாத்தது என்ன?”

“படம் ரெண்டு பக்கமும் சுருங்குது. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா டிக் டிக்னு சத்தம் வருது.”

“ஆ. அத எழுது.”

எழுதுவதற்குத் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று இருந்தது. இடப்பக்கத்தில் பார்த்தது, வலப்பக்கத்தில் செய்தது. நினைத்ததை எழுத அதில் இடமில்லை. எனக்கு முன்பு அங்கே வேலை செய்த ஒருவர் கெட்டிக்காரராம். செய்யாத வேலை ஒன்றைச் செய்ததாக வலப்பக்கத்தில் எழுதிவிட்டார் என்று அன்றைக்கே கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பினாராம் பாஸ். சேர்ந்த முதல் வாரமே இந்தக் கதையை எனக்குச் சொல்லிவிட்டார். மிரட்டுவது போலச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார்.

எண்பதுகள் தொடங்கியபோது மலைநாட்டுக்குத் தொலைக்காட்சி வந்து சேர்ந்தது. மூடுபனியில் கூரை கூரையாக ஏறி அன்டெனா திருப்பியதே அந்த இரண்டு வருடத்தில் என் முக்கால்வாசி வேலை. அப்படி ஓர் ஏப்ரல் சீசனில்தான் பெருமாள் முதலாளி ஆளனுப்பினார். சீசன் என்றால் நுவரெலியாவில் தெரியும்தானே, கொழும்பே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறி வந்துவிடும். அந்தக் கூட்டத்தை நம்பி முதலாளி தன் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்திலிருந்த மண்டபத்தில் நான்கு வீடியோ கேம் மிசின்களை இறக்கியிருந்தார். கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்தவை. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்களுக்கு.

மூன்று மிசின்களில் சுடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. நான்காவதுதான் நான் சொல்ல வந்தது.

அதன் பெயர் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. திரையில் ஒரு மலை. முதுகில் சுமையும் கையில் விளக்குமாக ஒரு சின்ன மனிதன் அடிவாரத்தில் நிற்பான். அவனை உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். கல் உருளும், காற்று அடிக்கும், பாதை இடிந்து விழும். விளக்கில் எண்ணெய் குறைந்துகொண்டே வரும், தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. சுமையோடு மலையேறுகிறவனைக் கண்டதும் நம்மவர்கள் அவனுக்குத் தப்பால்காரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தபால் பையோடு டவுனுக்கும் தோட்டத்துக்கும் நடக்கிற தப்பால்காரரைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்?

அடிவாரத்தில் அவன் பச்சையாக இருப்பான். ஏற ஏற மஞ்சளாவான், உச்சிக்குப் பக்கத்தில் நீலமாகிவிடுவான். கலர் டிவிக் குழாய்தான் என்று நான் சத்தியம் செய்யாத குறை. முன்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெறும் கறுப்பு வெள்ளை. கண்ணாடியின் பின்பக்கம் மூன்று நிற செலோபேன் தாளைப் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தார்கள். மிட்டாய் சுற்றுகிற தாள்! எனக்கு ஏமாந்த கோபம் வரவில்லை, சந்தோசம்தான் வந்தது. அன்றிலிருந்து அதைச் செய்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று யோசிக்க ஆரம்பித்தேன். வேறெந்தப் பெட்டியைத் திறந்தபோதும் எனக்கு அந்த யோசனை வந்ததில்லை.

மண்டபத்தில் டோக்கன் கொடுக்கிற மேசையில் செல்வராணி என்ற பெண் இருந்தார். டயகமப் பக்கம் தோட்டத்துப் பிள்ளை, டவுனில் பெரியம்மா வீட்டில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஆள் வராத நேரமெல்லாம் அவருக்கு அந்த மிசின்தான் துணை. ஒரு நாள் நானும் பாஸும் பராமரிப்புக்குப் போயிருந்தபோது எங்களைக் கூப்பிட்டார்.

“அண்ணே, ஒன்னு காட்டவா? பாதி மலைக்கு மேல ஒரு தட்டையான எடம் வரும். அங்க போயி கைய எடுத்துரணும். சும்மா இருக்கணும்.”

“சும்மா இருந்தா விளக்கு அணைஞ்சிருமே தங்கச்சி.”

“அணையட்டும். பாருங்க.”

ஏற்றினார். அந்தத் தட்டையான இடம் வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார். தப்பால்காரன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு விளக்கைக் கீழே வைத்தான், பின்னால் நகர்ந்து பாறையில் சாய்ந்து உட்கார்ந்தான். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான். வெறும் கறுப்பாக இருந்த வானத்தில் ஒரு நட்சத்திரம் வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு நிறைய. கடைசியில் எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்தது, ஆட்டம் முடிந்தது என்ற எழுத்து வந்தது.

பாஸ் கையைப் பின்னால் கட்டியபடியே நின்றிருந்தார். “திரும்பப் போடு மகள்” என்றார். மூன்று தடவை பார்த்தார்.

“அவன் உக்காந்தா எத்தன பொயின்ட்?”

“ஒன்னுமே இல்ல பாஸ். தோத்துத்தான் போவோம்.”

“அப்ப இதச் செஞ்ச ஆளு ஏன் அத வச்சாரு?”

அந்தக் கேள்வி எங்களை ஒரு வாரம் விடவில்லை. ஆடுகிறவரை ஏமாற்றித் தோற்கடிக்க வைத்த பொறி என்றேன் நான். தேநீர் கொண்டுவந்த செல்வராணி சிரித்தார். ஏமாற்றுகிறவர் நட்சத்திரத்தை ஒவ்வொன்றாக வைப்பாரா, மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகமாட்டாரா என்று கேட்டார். ஆயிரம் பேர் ஆடினால் பத்துப் பேர்கூட அந்த இடத்தில் கையை எடுக்கமாட்டார்கள். அந்தப் பத்துப் பேருக்காக ஒருவர் எங்கோ உட்கார்ந்து இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்.

சீசன் முடிந்து ஜூன் மழை பிடித்தது. நுவரெலியா மழைக்காலத்தில் சுவரும் வியர்க்கும், சட்டைப்பையிலிருக்கும் தீப்பெட்டியும் வியர்க்கும். ஒரு திங்கட்கிழமை தப்பால்காரன் மிசினில் திரை முழுக்கக் கோடு கோடாக வந்தது. மிசினைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, அதன் மூளையான போர்டைக் கழற்றினோம். பார்த்தது, எழுதியது எல்லாம் முறைப்படி முடிந்தது. அதிலுள்ள ஐ.சி. சில்லுகளின் வெள்ளி பூசிய கால்கள் ஈரத்தில் கறுத்துப் போயிருந்தன. அதற்கு மருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பர்தான். ஐ.சி.யை மெதுவாகக் கிளப்பி, ஒவ்வொரு காலையும் அழிறப்பரால் மேலிருந்து கீழாக மட்டும் தேய்த்து, தூளை ஊதித் தள்ளி, திரும்பப் பொருத்த வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் போர்டு நன்றாகக் காய வேண்டும். பாஸ் அதற்கு ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி வைத்திருந்தார். உள்ளே ஒரு அறுபது வாட் பல்பு, மூடியில் நாலு ஓட்டை. மூன்று நாள் அதற்குள் இருக்க வேண்டும்.

அன்று மாலை பாஸுக்குக் கொழும்பிலிருந்து தகவல் வந்தது, மகளுக்குப் பிரசவம். புறப்படும்போது என்னிடம் இரண்டே வார்த்தை சொன்னார்.

“அவசரப்படாத. போர்டு இந்தப் பெட்டிய விட்டு வெளிய போகக்கூடாது.”

மறுநாளே முதலாளி வந்துவிட்டார். “என்ன தம்பி, இன்னுமா காயுது? கருவாடா காயப்போடுறீங்க?” என்று கேட்டார். அடுத்த நாளும் வந்தார். அன்று மின்சாரம் வேறு போய்ப் போய் வந்தது, பல்பு அணைந்து அணைந்து எரிந்தது. போர்டைத் தொட்டால் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஒரு பெரிய யோசனை தோன்றியது.

மலையில் எது நனைந்தாலும் நாம் எங்கே கொண்டுபோவோம்? ஸ்டோருக்குத்தான். தேயிலை ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். கம்பளியா, பள்ளிக்கூடச் சப்பாத்தா, மழையில் நனைந்த பிறப்புப் பத்திரமா, ஸ்டோரில் வேலை செய்யும் உறவுக்காரர் கையில் கொடுத்தால் ட்ரையர் பக்கத்தில் வைத்து மொறுமொறுவென்று திருப்பித் தருவார். மழைக்காலத்தில் மலைநாடு முழுவதும் ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான். ராகலையில் என் அக்கா வீட்டு மச்சானுக்கு ட்ரையரில்தான் வேலை. துணியில் சுற்றிய போர்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

“என்ன மச்சான் இது, சின்ன டவுன் மாதிரி இருக்கு?” என்று போர்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டார் அவர். ட்ரையருக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தார். மறுநாள் போய் எடுத்தேன். இளஞ்சூடாக, நல்ல தேயிலை வாசனையோடு இருந்தது. பட்டறைக்கு வந்து பொருத்தினேன். கோடுகள் போய்விட்டன! பாஸின் பிஸ்கட் பெட்டியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை திரையில் கோடுகூட இல்லை, ஒன்றுமே இல்லை.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தபோதுதான் விசயம் தெரிந்தது. தேயிலை காயும்போது அதிலிருந்து மெல்லிய பொன்னிறப் பஞ்சு பறக்கும். ஸ்டோரில் வேலை செய்கிறவர்களின் புருவத்தில்கூட அது ஒட்டியிருக்கும். அந்தப் பஞ்சு ஐ.சி.களின் ஒவ்வொரு கால் இடுக்கிலும் படிந்து, இரவுப் பனியைக் குடித்து ஊறிப் போயிருந்தது. கம்பளிக்கும் சப்பாத்துக்கும் அதனால் ஒரு கேடும் இல்லை. போர்டுக்கு அது நஞ்சு. பதறிப்போய் ஒரு ஐ.சி.யைத் திருப்புளியால் நெம்பினேன். நெம்பிய வேகத்தில் அதன் ஒரு கால் முறிந்து, உடம்போடு ஒட்ட ஒடிந்து விழுந்தது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் தெரிந்தே செய்தது. உடைந்துபோன இன்னொரு தப்பால்காரன் மிசினை முதலாளி உதிரிப்பாகத்துக்கென்று வாங்கி எங்கள் பட்டறைப் பின்புறத்தில் போட்டிருந்தார். அதன் போர்டைக் கழற்றித் துடைத்துப் பொருத்தினேன். ஓடியது. மலை வந்தது, கல் உருண்டது, தப்பால்காரன் ஏறினான். வலப்பக்கத்தில் எழுதினேன்: ‘கால்கள் துடைக்கப்பட்டன. சரி.’ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மிசினைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். முதலாளி தேநீர் வாங்கித் தந்தார்.

பேரன் பிறந்த சந்தோசத்தோடு பாஸ் திரும்பினார். கொப்பியைப் பார்த்தார். “நல்லம்” என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அன்று பகல் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் குடையை மடக்கிக்கொண்டு செல்வராணி பட்டறை வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, அவரு உக்காரமாட்டேங்குறாரு.”

“யாரு?”

“தப்பால்காரருதான். கைய எடுத்துட்டு எவ்வளவோ நேரம் பாத்துட்டேன். நின்னுக்கிட்டே இருக்காரு. வானமும் கறுப்பாத்தான் இருக்கு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மாட்டிய போர்டு முந்திய காலத்தில் செய்ததாக இருக்க வேண்டும். அந்த உட்கார்தலை அதைச் செய்தவர் பிறகுதான் சேர்த்திருக்கிறார். நான் அதைச் சோதிக்கவே இல்லை, ஞாபகமும் வரவில்லை.

“மிசின்னா அப்படித்தான் தங்கச்சி. சில நேரம் செய்யும், சில நேரம் செய்யாது” என்றேன்.

“இல்லீங்க. நான் தெனமும் பாக்குறவ. நீங்க திருப்பிக் குடுத்தது வேற ஆளு. வர்ற ஞாயித்துக்கெழம அம்மா வாறாங்க. நான் வேல செய்யிற எடத்த அவங்க பாத்ததே இல்ல. ஒரு மிசின்ல ஒருத்தரு மலையேறி நடுவுல உக்காருவாருன்னு சொல்லியிருக்கேன். அதக் காட்டுன்னுதான் வாறாங்க.”

உள்ளே தொலைக்காட்சி ஒன்றின் முன் கைகட்டி நின்றிருந்த பாஸ் திரும்பினார். கொப்பியை எடுத்தார், பக்கத்தைத் திருப்பினார், என் முன்னால் வைத்தார்.

“அருள், என்ன பாத்த?”

முறைத்துக் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். எப்போதும் போலத்தான் கேட்டார். இங்கிருந்து போனால் எனக்குத் தொழில் இல்லை, தோட்டத்தில் பேர் பதிந்து அப்பாவோடு கவ்வாத்துக்குப் போக வேண்டியதுதான் என்று தெரியும். ஸ்டோர், பஞ்சு, ஒடிந்த கால், மாற்றிய போர்டு எல்லாவற்றையும் சொன்னேன். செல்வராணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முன்னால் சொன்னதுதான் எனக்கு அதிக அவமானம்.

“எழுது” என்றார் பாஸ். பழைய வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதினேன். அரைப் பக்கம் வந்தது.

“நாளைக்கு நான் வரலாமா பாஸ்?”

“அத அப்புறம் பேசுவம். மொதல்ல கால் ஒடிஞ்ச போர்ட எடு.”

மிசினிலிருந்து போர்டைத் திரும்பக் கழற்ற மண்டபத்துக்குப் போனபோது முதலாளி குதித்தார்.

“ஓடுற மிசின எதுக்குங்க கழட்டுறீங்க? அவன் உக்காந்தா எனக்கென்ன, நின்னா எனக்கென்ன? இதுக்குன்னு எவனாவது டோக்கன் வாங்குறானா?”

“முதலாளி, இது இந்த மிசினோட போர்டு இல்ல, வேற போர்டு. தப்பு எங்க பக்கம்.”

“நான் கேட்டேனா? இங்க பாருங்க பாஸ், இதக் கழட்டினீங்கன்னா மத்த மூனையும் பாக்குற வேலைய நான் கண்டி ஆளுகிட்ட குடுத்துருவேன். சொல்லிட்டேன்.”

பாஸ் திருப்புளியை என்னிடம் நீட்டினார். கழற்றினேன். சொன்னபடியே முதலாளி அடுத்த மாதம் மிசின்களைப் பார்க்கும் வேலையைக் கண்டி ஆளிடம் மாற்றிவிட்டார். மழைக்காலத்தில் எங்கள் பட்டறைக்கு நிலையாக இருந்த வேலை அது ஒன்றுதான்.

திரும்பி நடக்கும்போது மழை தூறியது. எனக்குப் பொறுக்கவில்லை.

“முதலாளியே வேணாங்கிறாரு. நாம ஏன் பாஸ்?”

அவர் எங்கள் சந்துக்குள் திரும்பினார்.

“செஞ்ச ஆளு இங்க இல்லதானே அருள். அவர் பக்கம் நின்னு பேச ஒரு ஆள் வேணும்” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் செய்த வேலையை என் ஆயுளில் பிறகு நான்கு தடவை நானும் செய்திருக்கிறேன், ஒரு தடவையும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. ஐ.சி.யின் கால் உடம்போடு ஒட்ட ஒடிந்திருந்தது, பற்றவைக்கப் பிடிமானமே இல்லை. பாஸ் அதை மெழுகில் பதித்து அசையாமல் வைத்தார். ஊசி போன்ற அரத்தால் ஐ.சி.யின் கறுப்பு உடம்பை ஓரத்தில் அராவ ஆரம்பித்தார். நாலு இழுப்பு, ஒரு ஊதல், கண்ணாடியில் ஒரு பார்வை. ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் முடிபோன்ற கம்பி அறுந்துவிடும், அதோடு எல்லாம் முடிந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கடுகளவு உலோகம் மின்னியது. வயரிலிருந்து ஒரே ஒரு செம்புத் தும்பைப் பிரித்து, நுனியில் ஈயம் தொட்டு, அந்தப் புள்ளியில் வைத்து, சூடேறிய பற்றாசு அயனை ஒற்றி எடுத்தார். கண் இமைக்கும் நேரம்தான். அவர் மூச்சு விட்ட பிறகுதான் நானும் விட்டேன். பஞ்சை எடுக்கும் வேலை எனக்கு. ஸ்பிரிட்டில் நனைத்த பல் துலக்கும் பிரஷ்ஷோடு பகல் முழுதும் உட்கார்ந்தேன்.

மாலை நாலு மணிக்கு மண்டபத்தில் மிசினில் பொருத்தி மின்சாரம் கொடுத்தோம். மலை வந்தது. நான் ஏற்றினேன். தட்டையான இடத்தில் கையை எடுத்தேன். தப்பால்காரன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு விளக்கைக் கீழே வைத்தான்.

பாஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “ஆறு மாசத்துக்குக் கொப்பியில நீ எழுத வேணாம். நீ சொல்லு, நான் எழுதுறேன்” என்றார். வேலை போகவில்லை. ஆனால் அந்த ஆறு மாதமும், நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் தானும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதினார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை நான் மண்டபத்துக்குப் போனேன். பூசை முடிந்து நேரே வந்தேன் என்று செல்வராணியிடம் சொன்னேன், ஆனால் போர்டு மறுபடி கைவிட்டுவிடுமோ என்ற பயம்தான் என்னைக் கொண்டுவந்தது. பதினொரு மணிபோல அவருடைய அம்மா வந்தார். டயகமவிலிருந்து விடியவே புறப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், விரல்களில் கொழுந்துக் கறை. மண்டபத்துச் சத்தத்துக்கு மிரண்டு வாசலிலேயே நின்றவரை மகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முக்காலியில் உட்காரவைத்தார்.

செல்வராணி ஏற்றினார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கல் உருண்டபோது மட்டும் “அய்யோ” என்றார். தட்டையான இடம் வந்தது. மகள் கையை எடுத்தார். தப்பால்காரன் விளக்கை வைத்தான், பின்னால் நகர்ந்தான், உட்கார்ந்தான். நட்சத்திரங்கள் வர ஆரம்பித்தன. எனக்கு உயிர் வந்தது.

அந்தம்மா நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து தப்பால்காரனைத்தான் பார்த்தார்.

“ராணி, சொமைய எறக்கல பாத்தியா?”

“என்னம்மா?”

“முதுகுல உள்ளத எறக்காமத்தான் உக்காந்திருக்காரு. பின்னுக்குப் போயி, கல்லுல முட்டுக் குடுத்து, சொமைய அதுல தாங்கவச்சுட்டு உக்காறாரு. எறக்கினா திரும்பத் தூக்கிவிட ஆளு வேணும்ல? ஏத்தத்துல தனியா போறவ அப்படித்தான் உக்காருவா.”

நான் அந்த உட்கார்தலை நூறு தடவை பார்த்திருப்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுகூடப் பார்த்திருக்கிறேன். என்னைப் பெற்றவளும் நிறைந்த கூடையோடு ஏற்றத்தில் நடந்தவள்தான். பின்னால் ஏன் நகர்கிறான் என்று எனக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. கண் கலங்கியதை மறைக்க மிசினின் பின்பக்கம் போய் எதையோ பார்ப்பதுபோல நின்றேன்.

விளக்கு அணைந்து ஆட்டம் முடிந்தது. அந்தம்மா என்னைத் தேடி எட்டிப் பார்த்தார்.

“தம்பி, நீங்கதானே இதத் திருத்துறவரு? இதச் செஞ்சவரு எந்தத் தோட்டம்?”

“தோட்டம் இல்லீங்கம்மா. ஜப்பான்ல செஞ்சது.”

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

“அங்கயும் தோட்டம் இருக்கும் தம்பி” என்றார்.